நாயை டே கேருக்கோ டாக் பார்க்குக்கோ அனுப்பும்போது நாம் செய்யும் தவறுகள்

காலையில் வேலைக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டும்போது ஜன்னலில் இரண்டு கண்கள் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வை அலுவலகம் வரை கூடவே வரும். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டே கேரில் விட்டால் நாலு நாய்களோடு விளையாடிக்கொண்டு இருக்குமே" என்று முடிவெடுக்கிறோம். நானும் அப்படித்தான் முடிவெடுத்தேன். எங்கள் செவலை சிப்பிப்பாறை இன நாய். அப்போது அவனுக்கு இரண்டு வயது. மூன்றாவது வாரம், டே கேர் இருக்கும் தெருவில் வண்டி திரும்பியதுமே நடுங்க ஆரம்பித்தான். அங்கே யாரும் அவனை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஓயாமல் குரைக்கும் ஒரு பெரிய கூடத்தில் ஒன்பது மணி நேரம் இருக்க அவனால் முடியவில்லை. அது எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது என்பதில் இன்றும் வருத்தம் உண்டு.

முதல் தவறு இதுதான்: நாயின் குணத்தைப் பார்க்காமல், நம் மனதில் இருக்கும் உறுத்தலைத் தீர்த்துக்கொள்ள முடிவெடுப்பது.

எல்லா நாய்க்கும் கூட்டம் பிடிக்கும் என்பது உண்மையில்லை. குட்டியாக இருக்கும்போது எல்லோரோடும் புரண்டு விளையாடிய நாய், இரண்டு மூன்று வயதில் பழகிய ஓரிரு நாய்கள் போதும் என்று ஒதுங்குவது இயல்பு. அது நோயல்ல, வளர்ப்பில் வந்த குறையும் அல்ல. இனத்துக்கும் இதில் பங்கு உண்டு. ராஜபாளையம் காவலுக்குப் பேர் போன நாய். தன் வீட்டாரோடு ஒட்டிக்கொள்ளும், அந்நியரைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டப் பழக்கிய நாய்கள். புசுபுசுவென்று ஒரு ஷிட்சூ எதிரே ஓடினால் அவற்றின் கண்ணுக்கு அது முயலாகத் தெரியலாம். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்றவை பெரும்பாலும் கூட்டத்தை ரசிக்கும். ஆனால் வயதாகி இடுப்பு வலி வந்த லாப்ரடாருக்கு அதே கூட்டம் தொல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறக்குறைய பாதி நேரம் தூங்கும். காலையில் நன்றாக நடந்து, மோப்பம் பிடித்து, சாப்பிட்டுப் படுத்த நாய்க்கு நாலைந்து மணி நேரத் தனிமை பெரும்பாலும் பெரிய கொடுமை இல்லை. பத்து மணி நேரம் என்றால்தான் வேறு வழி தேட வேண்டும்.

அடுத்தது தடுப்பூசி விஷயம். இதில் அலட்சியம் உயிரையே எடுக்கும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, 16 வாரம் வரை சில வார இடைவெளியில் ஊசி போடுகிறோம். முதல் ஊசி போட்டதுமே "போட்டாச்சு, சரி" என்று பார்க்குக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறைய. குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரை வாங்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆல்கஹால் சானிடைசரால் அது சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் புல்தரையை நம்ப முடியாது. அதற்காகக் குட்டியை நாலு மாதம் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பதும் தவறுதான். உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்ளும் பருவம் மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை. அந்த நாட்களில் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டுங்கள், ஆட்டோ சத்தம், குக்கர் விசில், குடை, ஹெல்மெட் எல்லாம் பழகட்டும். முழுதாக ஊசி போட்ட, நமக்குத் தெரிந்த நாயை வீட்டுக்கு வரவழைத்துப் பழக்கலாம்.

பெரிய நாய்க்கும் ஆபத்து உண்டு. தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் கக்கிக் கக்கி இருமும் கென்னல் காஃப், கூட்டமாக நாய்கள் இருக்கும் இடத்தில் வேகமாகப் பரவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கும் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் லெப்டோ என்னும் எலிக்காய்ச்சல் வரும், அது மனிதருக்கும் தொற்றும். அப்புறம் உண்ணி. நம் ஊரில் அதிகம் இருக்கும் பழுப்பு உண்ணி சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். டே கேரில் போய்ப் பார்க்கும்போது தரையை மட்டும் பார்க்காதீர்கள், சுவர் விரிசலையும் கட்டில் கால்களையும் பாருங்கள். உண்ணி மருந்து தவறிய மாதத்தில் அனுப்பவே வேண்டாம். சாப்பிடாமல் சோர்ந்து படுப்பது, ஈறு வெளிறுவது, மூக்கில் ரத்தம் வருவது எல்லாம் உண்ணிக் காய்ச்சலின் அறிகுறிகள். ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

டே கேரை இன்ஸ்டாகிராம் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இன்னொரு தவறு. பிறந்தநாள் தொப்பி போட்ட நாயின் படம் நமக்கு எதையும் சொல்லாது. மதியம் இரண்டு மணிக்கு முன்னறிவிப்பில்லாமல் போங்கள். நாய்கள் தூங்குகின்றனவா? தூங்க இடம் தனியாக இருக்கிறதா? சின்ன நாய்களையும் பெரிய நாய்களையும் பிரித்து வைத்திருக்கிறார்களா? எத்தனை நாய்க்கு ஓர் ஆள்? பதினைந்துக்கு மேல் என்றால் நான் விடமாட்டேன். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா என்றும் கேளுங்கள். சித்திரை வெயிலில் மூடிய கூடத்தில் சப்பை மூக்குள்ள ஒரு பக் நாய் மூச்சுத்திணற அதிக நேரம் ஆகாது. முக்கியமாக, அவர்கள் உங்களிடம் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். உங்களிடம் கேட்கவில்லை என்றால் வேறு யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"வீட்டுக்கு வந்ததும் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறான், நல்லா விளையாடியிருக்கான்" என்று சந்தோஷப்படுவோம். சோர்வும் சந்தோஷமும் ஒன்றல்ல. செவலையும் அப்படித்தான் தூங்கினான். கூடவே குரல் கம்மியிருந்தது, மறுநாள் வயிறு இளகியது, தெருவில் மற்ற நாய்களைப் பார்த்துப் புதிதாக உறும ஆரம்பித்தான். இவை எல்லாம் மனஅழுத்தத்தின் அடையாளம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

நாய்களை அவிழ்த்துவிட்டு விளையாட விடும் டாக் பார்க்கின் பெரிய நன்மை, நாம் கூடவே இருக்கிறோம் என்பது. அமெரிக்காவின் பெர்க்லியில் 1979-இல் தொடங்கிய பார்க்கைத்தான் இந்த வகையில் முதலாவது என்பார்கள். ஹைதராபாத் கொண்டாபூரில் 2018-இல் மாநகராட்சியே ஒன்று திறந்தது. ஆனால் உள்ளே போனதும் போனை எடுத்துவிட்டால் அந்த நன்மை போச்சு. வால் ஆடினால் சந்தோஷம் என்று நினைப்பது பொதுவான பிழை. உடம்பு விறைத்து, வால் உயர்ந்து வேகவேகமாக ஆடினால் அது சண்டைக்கு முந்தைய நிலையாக இருக்கலாம். முன்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கினால் விளையாட அழைக்கிறது. துரத்துவதும் துரத்தப்படுவதும் மாறி மாறி நடந்தால் விளையாட்டு. ஒரே நாயை மூன்று நாய்கள் விரட்டினால் உடனே பிரித்துக் கூட்டி வாருங்கள். பந்தும் பிஸ்கட்டும் வீட்டிலேயே இருக்கட்டும், பல சண்டைகள் அவற்றால்தான் வருகின்றன.

சென்னையில் பல பூங்காக்களில் நாயை உள்ளே விடுவதில்லை. அதனால் கடற்கரையையே டாக் பார்க் ஆக்கிக்கொள்கிறோம். பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. அவிழ்த்துவிட்ட நாய் ஒரு குழியைத் தோண்டினால் நூறு முட்டை வரை அழியலாம். அதோடு அங்கே தெருநாய்களுக்கு என்று எல்லைகள் உண்டு. நம் நாய் அவற்றின் வீட்டுக்குள் நுழைகிறது. தயவுசெய்து கயிற்றோடு மட்டும் நடத்துங்கள்.

டே கேர் என்றால் வாரம் ஆறு நாள் முழுநேரம் என்று கட்டாயம் இல்லை. வாரத்தில் இரண்டு அரை நாள் போதும் பல நாய்களுக்கு. முதல் நாள் இரண்டு மணி நேரம் மட்டும் விட்டு, மறுநாள் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். இப்போது செவலையை விடியற்காலை ஒரு மணி நேரம் நீளக் கயிற்றில் நடத்துகிறோம். மதியம் கீழ்வீட்டு அக்கா வந்து வெளியே கூட்டிப்போகிறார். சனிக்கிழமை மட்டும், அவனுக்குப் பிடித்த ஒரே ஒரு லாப்ரடாரின் வீட்டு மொட்டை மாடி. அந்த லாப்ரடார் வீட்டுத் தெருவில் வண்டி திரும்பும்போது அவன் நடுங்குவதில்லை. ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு முனக ஆரம்பிக்கிறான், சீக்கிரம் போகச் சொல்லி.