முகூர்த்தப் படத்துல குறுக்கால விழுந்த கோடு

அம்மாபேட்டையில ஒரு கல்யாணம், விடியக்காலை முகூர்த்தம். பழைய கிராப் சென்சார் கேமராவை (படம் பதியுற சென்சார் சின்னது) தம்பி கையில குடுத்துட்டு, புதுசா வாங்கின ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) மிரர்லெஸ் கேமராவோட நான் மேடையேறினேன். தாலி கட்டுறப்போ 'டக் டக்'னு சத்தம் கேக்கக் கூடாதுன்னு சைலன்ட் ஷட்டர் (திரை அசையாம சத்தமில்லாம எடுக்குற முறை), வேகம் 1/320 செகண்ட்.

வீட்டுக்கு வந்து திறந்து பாத்தா வயித்தைக் கலக்கிருச்சு. பொண்ணோட கூறைப்புடவை மேல, மாப்பிள்ளை நெத்தி மேல, குறுக்கால பட்டை பட்டையா மங்கல் கோடு. கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போயிட்டேன், பாவம் மனுசன்.

கோளாறு மண்டபத்து எல்இடி விளக்குல. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 50 சுத்து. மட்டமான விளக்குன்னா சுத்துக்கு ரெண்டுன்னு செகண்டுக்கு 100 தடவை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது. சைலன்ட் ஷட்டர்ல சென்சார் படத்தை வரிவரியாத்தான் படிக்கும். விளக்கு மங்குற நேரத்துல சிக்கின வரியெல்லாம் கறுத்துரும்.

இப்ப மண்டபத்துக்குள்ள போனா மெக்கானிக்கல் ஷட்டர் (நெசமாவே திரை திறந்து மூடுற முறை), 1/100 செகண்ட். ஒரு மினுக்கல் முழுசா அதுக்குள்ள அடங்கிரும். அட்சதை போடுற கை கொஞ்சம் கலங்கும், கலங்கட்டும். மேடைக்குப் பின்னாடி எல்இடி ஸ்கிரீன் வெச்சுட்டா, அது வேற வேகத்துல மினுங்கும், இந்தக் கணக்கு செல்லாது. முன்னாடியே போய் ஒவ்வொரு ஸ்பீடா மாத்தி எடுத்துப் பாக்கணும். ஏற்காட்டுல அவுட்டோர்னா இந்தத் தொல்லையே இல்ல, சூரியன் மினுங்காது.

அந்தக் கல்யாண ஆல்பத்துல தாலி கட்டுற படம், தம்பி பழைய கேமராவுல எடுத்தது.