டிரில்லுக்குத் தங்க நிறம் எப்படி வருகிறது? ஆவிப் பூச்சு, படிப்படியாக

திருவொற்றியூர் லேத்துப் பட்டறைகளில் புதிதாகச் சேரும் பையன்கள் மஞ்சள் டிரில்லைப் பார்த்ததும் கேட்பது: "அண்ணே, இது தங்க முலாமா?" இல்லை தம்பி, அது டைட்டானியம் நைட்ரைடு. தடிமன் இரண்டு, மூன்று மைக்ரான்தான். ஆனால் எஃகைவிடப் பல மடங்கு கடினம்.

படி 1: கருவி எந்த உலோகம் என்று பாருங்கள். சி.வி.டி. (வாயுக்கள் வினைபுரிந்து பூச்சாகப் படியும் முறை) முறையில் டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆவியும் ஹைட்ரஜனும் நைட்ரஜனும் சுமார் 1000 டிகிரி சூட்டில் வினைபுரிந்து கருவியின் மேலேயே படிகின்றன. கார்பைடு இன்செர்ட் (கருவியில் மாட்டும் கடினமான வெட்டுத் துண்டு) அதைத் தாங்கும். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டிரில் தாங்காது, அதை டெம்பர் செய்ததே, அதாவது கடினமாக்கிய பின் மறுபடி சூடாக்கிப் பதப்படுத்தியதே, 550 டிகிரியை ஒட்டித்தான். அதற்கு 500 டிகிரிக்குள் முடிகிற பி.வி.டி.தான் சரி; இதில் வெற்றிடத்தில் உலோகத்தையே ஆவியாக்கிப் படிய வைப்போம். இனி வருவதெல்லாம் அந்த முறைக்கு.

படி 2: கழுவுதல். பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. சாணை பிடித்த முனையில் பிசிறு இருந்தால் முதலில் எடுங்கள். விட்டால் பூச்சு அதன்மேல் ஏறி, முதல் வெட்டிலேயே பிசிறோடு போய்விடும். பிறகு காரக் கரைசலில் அல்ட்ராசானிக் கழுவல், உப்பு நீக்கிய தண்ணீரில் அலசல், உடனே சூடான காற்றில் உலர்த்தல். அந்த 'உடனே' நம் பக்கத்துக்கு மிக முக்கியம். எண்ணூர் கடற்காற்றில் எண்ணெய் நீங்கிய எஃகு ஓர் இரவு கிடந்தால் போதும். நான் ஒருமுறை மாலையில் கழுவி வைத்துவிட்டு மறுநாள் பூசினேன். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத துரு. முதல் துளையிலேயே பூச்சு செதில் செதிலாக உரிந்தது. பூச்சு பிடித்திருந்தது துருவை, எஃகை அல்ல. கழுவிய பின் வெறுங்கையாலும் தொடாதீர்கள்.

படி 3: டிரில்களைச் சுழலும் தாங்கிகளில் மாட்டுங்கள். பி.வி.டி.யில் ஆவி நேர்கோட்டில்தான் வரும். நிழல் விழும் பக்கம் பூச்சு ஏறாது. பூச்சு நடக்கும் சேம்பரின் (மூடிய கலத்தின்) கதவை நெடுநேரம் திறந்து வைத்தால் ஈரப்பதம் சுவரில் ஒட்டிக்கொண்டு, வேக்கம் (வெற்றிடம்) வர நேரம் இழுக்கும். உள்ளே அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கு வரை இறக்க வேண்டும்.

படி 4: சூடேற்றி, டிரில்லுக்கு எதிர்மின்னழுத்தம் கொடுத்து, ஆர்கான் அயனிகளால் மேற்பரப்பைச் சுரண்டுங்கள். இது கடைசிக் கழுவல்.

படி 5: டைட்டானியம் டார்கெட்டில் (ஆவியாக்க வைத்த உலோகக் கட்டியில்) மின்வில், அதாவது ஆர்க், அடித்ததும் உலோகம் புள்ளி புள்ளியாக ஆவியாகும். நைட்ரஜனை உள்ளே செலுத்துங்கள். வாயு குறைந்தால் நிறம் வெளிறும். சரியாக இருந்தால் தங்கம். டார்கெட்டில் அலுமினியமும் கலந்திருந்தால் கருநீலம் கலந்த சாம்பல் நிறம் வரும். கூலன்ட் இல்லாமல் வெட்டும் சூட்டுக்கு அதுவே மேல்.

படி 6: நன்றாக ஆறிய பிறகே சேம்பரைத் திறவுங்கள். கூடவே பூசிய ஒரு மாதிரித் துண்டில் ராக்வெல் சி (கடினம் அளக்கும் கருவியின் வைரமுனை) குத்து வைத்து, குழியின் விளிம்பை நுண்ணோக்கியில் பாருங்கள். மெல்லிய விரிசல் பரவாயில்லை. விளிம்பைச் சுற்றிப் பூச்சு உரிந்திருந்தால் அந்த லாட்டை (ஒன்றாகப் பூசிய தொகுதியை) நிறுத்திவிட்டு, இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.