தோள் கழன்ற பிறகு: மூட்டுத் தேய்மானத்துக்கு வழிவிடும் தவறுகள்

தோள் கழன்றவர்களுக்கு இருக்கும் பயமெல்லாம் மறுபடி கழன்றுவிடுமோ என்பதுதான். ஆபரேஷன் செய்து, கழலுவது நின்றதும் அந்தப் பயமும் போய்விடும். கூடவே தோளைப் பற்றிய அக்கறையும் போய்விடும். தவறு தொடங்குவது அங்கேதான். கழலாமல் இருப்பது வேறு, தேயாமல் இருப்பது வேறு.

தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை அதிலிருந்து வெளியே வரும்போது குழியின் விளிம்பில் மோதுகிறது. விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற நார்த்திசு வளையம் கிழிகிறது, உருண்டையின் பின்பக்கம் பள்ளம் விழுகிறது, வழவழப்பான குருத்தெலும்பும் அடிபடுகிறது. லேப்ரத்தைத் தைக்கலாம். குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அடிபட்ட இடம் பழையபடி வளராது. ஆகவே தேய்மானத்துக்கான விதை பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்பே, முதல் விபத்திலேயே விழுந்துவிடுகிறது.

ஸ்வீடனில் 1978-79இல் முதன்முறையாகத் தோள் கழன்ற 12 முதல் 40 வயது வரையிலானவர்களை எலும்பு மருத்துவர் லெனார்ட் ஹோவேலியஸ் குழுவினர் 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மிதமான அல்லது கடுமையான தேய்மானம், மறுபடி கழலாத தோள்களில் 18 சதவீதம். கழன்றுகொண்டே இருந்தும் ஆபரேஷன் செய்யாதவற்றில் 39 சதவீதம். ஆபரேஷன் செய்தவற்றில் 26 சதவீதம். ஒரே ஒரு தடவை கழன்ற தோளும் தப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். “ஆபரேஷன் செய்தால்தான் ஆர்த்ரைட்டிஸ் (மூட்டுத் தேய்மானம்) வரும்” என்று பயந்து தள்ளிப்போடுவதும் இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. கழன்ற தோளைத் தானே தட்டி உள்ளே தள்ளிப் பழகிக்கொண்டு, அதைத் திறமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் குருத்தெலும்பும் எலும்பு விளிம்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

அதற்காக ஆபரேஷனைக் கண்மூடி நம்பவும் முடியாது. தோளை இறுக்கிக் கட்டினால் போதும் என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. புட்டி-பிளாட் போன்ற பழைய முறைகளில் முன்பக்கத் தசையையும் மூட்டு உறையையும் குறுக்கித் தைத்தார்கள். தோள் கழலவில்லை, கை வெளிப்பக்கம் திரும்பவும் இல்லை. முன்பக்கம் அளவுக்கு மீறி இறுகியதால் உருண்டை பின்னால் தள்ளப்பட்டு, குழியின் பின்பாதியில் உரசித் தேய்ந்தது. பல ஆண்டுகள் கழித்து, நடுவயதிலேயே மூட்டு மாற்று வரை போனவர்கள் இருக்கிறார்கள். சிறு துளை வழியே கேமரா விட்டுத் தைக்கும் இன்றைய ஆர்த்ராஸ்கோப்பி முறையில் அவ்வளவு இறுக்குவதில்லை. ஆனாலும் முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பும் அசைவு எவ்வளவு திரும்பி வந்திருக்கிறது என்று மறுபரிசோதனையில் கட்டாயம் கேளுங்கள். “கழலவில்லையே” என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள்.

குழியின் விளிம்பு எலும்பு நிறையத் தேய்ந்தவர்களுக்கு லடார்ஜே முறையில் எலும்புத் துண்டு வைத்து ஸ்குரூ போடுவார்கள். அந்தத் துண்டு விளிம்பைத் தாண்டி மூட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் உருண்டை அதில் உரசும். ஸ்குரூவோ, லேப்ரத்தை எலும்போடு பிடித்துவைக்கும் ஆங்கர் என்ற சிறு ஆணியோ துருத்தினாலும் அதே கதைதான். ஆபரேஷனுக்குப் பிறகு கை அசையும்போது நறநறவென்ற சத்தமும் புது வலியும் வந்தால், தையல் பிடிக்கிறது போலும் என்று விட்டுவிடக் கூடாது. எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது.

பிசியோதெரபியில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. பயத்தில் மாதக்கணக்கில் ஸ்லிங்கைக் கழற்றாமல் இருந்தால் தோள் இறுகிப்போகும். வலி இல்லை என்று நாலாவது வாரமே ஜிம்முக்குப் போனால் தைத்தது பிய்ந்துவிடும். நாற்பது வயதுக்கு மேல் முதல்முறை கழன்றவர்களுக்கு இன்னொன்று: அவர்களுக்கு மறுபடி கழலுவதைவிட, தோளைச் சுற்றியுள்ள ரொட்டேட்டர் கஃப் தசைநார் கிழிவதுதான் பெரிய கவலை. கையைத் தூக்க முடியாததை வெறும் வலி என்று விட்டுவிட்டால், கிழிசல் பெரிதாகி, அதுவே பின்னாளில் மூட்டைக் கெடுக்கும்.

எக்ஸ்ரேயில் “தேய்மானம்” என்ற வார்த்தையைப் பார்த்ததும் கையை அசைக்காமல் வைத்துக்கொள்வதும் தவறுதான். உருண்டையின் அடியில் சிறு எலும்பு முளைப்போடு, வலியே இல்லாமல் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். சிகிச்சை தேவைப்படுவது படத்துக்கு அல்ல, அசைவுக் குறைவுக்கும் வலிக்கும். வலி வரும்போதெல்லாம் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு சமாளிப்பதை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். தற்காலிக நிவாரணம் கிடைக்கும். அடிக்கடி போட்டால் இருக்கிற குருத்தெலும்பும் பலவீனப்படலாம்.