வளைபாதமும் இடுப்பு விலகலும்: பாதி வழியில் விட்டுவிடும் தவறுகள்

வளைபாதத்தோடு, அதாவது உள்நோக்கித் திரும்பிய பாதத்தோடு, பிறந்த குழந்தைக்குப் பொன்செட்டி முறையில் வாரம் ஒரு மாவுக்கட்டு போடுவார்கள். பெரும்பாலும் ஐந்தாறு கட்டுகளில் பாதம் திரும்பிவிடும். கடைசிக் கட்டுக்கு முன் பல குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணைச் சிறிதாக வெட்டிவிடுவார்கள்; அந்தக் கட்டு மூன்று வாரம் இருக்கும். அதைப் பிரித்ததும் பாதம் நேராகத் தெரியும். "சரியாயிடுச்சே, இனி எதுக்கு இந்தக் கம்பி ஷூ?" என்று பிரேஸை, அதாவது இரண்டு ஷூக்களைக் கம்பியால் இணைத்த கருவியை, கழற்றி வைத்துவிடுகிறார்கள். வளைவு திரும்பி வருவதற்கு இதுவே முதல் காரணம். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் பிரேஸ் காலில் இருக்க வேண்டும். அதன் பிறகு இரவும் பகல் தூக்கமுமாக 12 முதல் 14 மணி நேரம், நான்கைந்து வயது வரை. குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டாலும் நிறுத்தக் கூடாது. பாதத்தை உள்ளே இழுத்த இறுக்கம், வேகமாக வளரும் அந்த வருடங்களில் மறுபடி இழுக்கும்.

கொப்புளம் வந்தால் வாரைத் தளர்த்துவது அடுத்த தவறு. தளர்ந்த ஷூவுக்குள் பாதம் உராய்ந்து புண் பெரிதாகும். முழங்காலை மடக்கி, குதிகாலை ஷூவின் அடிவரை இறக்கி, கணுக்காலுக்கு முன்னால் வரும் வாரை முதலில் இறுக்குங்கள், மற்றவை பிறகு. குதிகால் எவ்வளவு முயன்றும் இறங்கவில்லை என்றால் குறை ஷூவில் இல்லாமல் பாதத்திலேயே இருக்கலாம். வளைவு திரும்புகிறதா என்று உடனே காட்ட வேண்டும். கம்பியின் நீளம் குழந்தையின் தோள் அகலம். வளைந்திருந்த பாதம் 60–70 டிகிரி வெளிப்புறம் திரும்பியிருக்கும். அந்தக் கோணத்தைப் பிடித்திருக்கும் திருகுகளை வீட்டில் தொடாதீர்கள்.

மாவுக்கட்டு முழங்காலை 90 டிகிரி மடக்கி, விரலிலிருந்து தொடை இடுக்கு வரை போக வேண்டும். முழங்காலுக்குக் கீழே மட்டும் போட்டால் நழுவும். நேற்று தெரிந்த விரல் நுனி இன்று உள்ளே போயிருந்தால் கட்டு நழுவிவிட்டது என்று பொருள். அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். விரலை அழுத்தி விட்டால் வெளுத்து உடனே சிவக்க வேண்டும். கட்டுப் போடுபவர் செய்யும் தவறும் உண்டு: சுண்டுவிரல் பக்கத்தைத் தூக்கிப் பாதத்தை முறுக்கினால் உள்ளங்கால் குழிவு இன்னும் ஆழமாகும்.

இடுப்பு விலகல், அதாவது தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியிலிருந்து நழுவுவது, கைக்குழந்தைக்கு வலிக்காது. அதனாலேயே தவறிப்போகிறது. பிட்டம் முதலில் வந்த குழந்தை, குடும்பத்தில் யாருக்காவது இருந்த குழந்தை என்றால், பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆறு வாரம் வாக்கில் அல்ட்ராசவுண்ட் எடுப்பது நல்லது. அந்த வயதில் தொடை எலும்பின் தலை குருத்தெலும்பாகவே இருப்பதால் எக்ஸ்ரேயில் தெளிவு கிடைக்காது. கால்களை நீட்டி ஒட்டிவைத்துத் துணியால் இறுகச் சுற்றுவது மூட்டைக் குழியிலிருந்து வெளியே தள்ளும். இரண்டு டயப்பர் போடுவது சிகிச்சையே அல்ல.

இடுப்பு விலகலுக்குக் குழந்தையின் தொடையை மடக்கி விரித்து வைக்கும் பேவ்லிக் வார்களைப் போட்டபின் வீட்டில் இறுக்காதீர்கள். முன்வார் அளவுக்கு மேல் இறுகினால் தொடை நரம்பு அழுந்தும். முழங்காலை நீட்டி உதைத்துக்கொண்டிருந்த குழந்தை உதைப்பதை நிறுத்திவிடும். பின்வாரை இறுக்கிக் காலை வலிந்து விரித்தால் எலும்புத் தலைக்கு ரத்தம் போவது தடைப்படும். இந்தச் சேதம் பல வேளை நிரந்தரமானது. மூன்று, நான்கு வாரத்தில் மூட்டு குழிக்குள் வரவில்லை என்றால் அதே வாரைத் தொடர்வது குழியின் பின்விளிம்பைத் தேய்க்கும். அப்போது வேறு சிகிச்சைக்கு மாற வேண்டும்.