ஆர்எக்ஸ் 100-ல கரி எடுக்கணுமா, முதல்ல சைலன்சரை கழட்டுங்க

எங்க நைனா 1994-ல வாங்கின யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இன்னும் ஓடிகினு இருக்கு, வேலூர் சத்துவாச்சாரில இருந்து காட்பாடிக்கு தினம் அதுலதான் போறேன். கொஞ்ச நாளா பிக்கப் விழுந்துடுச்சு, காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறறப்போ நாலாவது கியர்ல இழுக்காம மூணுக்கு இறக்க வேண்டியதா போச்சு, மதியான வெயில்ல முறுக்கினா டப்பாவுல கூழாங்கல்லு போட்டு ஆட்டற மாதிரி சத்தம் வேற. பிளக்கை கழட்டி பார்த்தா கருப்பா ஈரமா இருந்துச்சு. இதெல்லாம் கரி அடைச்சதுக்கான அடையாளம்தான்.

இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டில பெட்ரோலோட 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) சேர்ந்துதான் எரியுது, சரியா எரியாத மிச்சம் கரியா பிஸ்டன் தலை, ஹெட் (இன்ஜினோட மேல் மூடி), எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளிய போற ஓட்டை), சைலன்சர்னு போற வழியெல்லாம் படிஞ்சிகினே போகும். டவுனுக்குள்ள 30-ல உருட்டற வண்டிக்கு சைலன்சர் சரியா சூடே ஏறாது, அதனால சீக்கிரம் அடைக்கும். நிறைய பேரு நேரா ஹெட்டுல கை வைக்கறாங்க, என்னைக் கேட்டா அது ரெண்டாவது வேலை.

முந்தின ராத்திரியே சைலன்சர் வந்து பேரல்ல (பிஸ்டன் ஓடற உருளை) சேர்ற இடத்துல இருக்கற நட்டுக்கு டபிள்யூடி-40 அடிச்சு விட்டுடுங்க. முப்பது வருஷ துரு, அவசரப்பட்டு திருப்பினா நட்டு மாட்டியிருக்கற ஸ்டட்டு உடைஞ்சு அப்பால லேத்துக்கு ஓடணும். காலைல இன்ஜின் ஜில்லுனு இருக்கும்போதே சைலன்சரை இறக்கிடுங்க, பின்னாடி வால்ல இருக்கற ஸ்க்ரூவை எடுத்துட்டு பேஃபிளை, அதாவது சத்தத்தை குறைக்கற ஓட்டை போட்ட உள்குழாயை, பிளையர்ல பிடிச்சு முறுக்கி முறுக்கி இழுங்க. எனக்கு வந்ததை பார்க்கணுமே, அடிப்பிடிச்ச புளிக்கொழம்பு சட்டி மாதிரி இருந்துச்சு, ஓட்டை எங்க இருக்குன்னே தெரில. மண்ணெண்ணெய் இப்போ கிடைக்கறது கஷ்டம், டீசல்ல ஒரு ராத்திரி ஊறப்போட்டு கம்பி பிரஷ்ல தேய்ச்சாலே போதும், ஓட்டையை ஒவ்வொண்ணா ஆணியால குத்தி விடுங்க. காஸ்டிக் சோடா சீக்கிரம் அரிக்கும்தான், ஆனா அது அலுமினியத்தையும் தின்னுடும், ஹெட்டு பிஸ்டன் பக்கமே கொண்டு போகாதீங்க, அதனால நான் அதை தொடறதே இல்ல. பேஃபிளை தூக்கி போட்டுட்டு சத்தத்துக்காக ஓட்டற பசங்க இருக்காங்க, போலீஸ்காரர் ஒரு பக்கம், அந்த சைலன்சரை அளவு பார்த்து செஞ்சதே இழுவைக்காகத்தான், உள்ள இருக்கறதை எடுத்துட்டா கீழ் ஸ்பீடுல வண்டி சோம்பேறி ஆயிடும்.

பேஃபிளையும் சைலன்சரையும் மாட்டி ஒரு ரவுண்டு ஓட்டி பாருங்க. இழுவை வந்துட்டா அதோட விட்டுடுங்க. எனக்கு பாதிதான் வந்துச்சு, டப்பா சத்தம் போகல, அதனால சைலன்சரை மறுபடி இறக்கிட்டு ஹெட்டையும் கழட்டினேன்.

இன்ஜின் நல்லா ஆறினப்புறம் பெட்ரோல் காக்கை மூடி, பிளக்கை எடுத்துட்டு, ஹெட் நட்டு நாலையும் எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணுங்க, ஒண்ணையே முழுசா கழட்டினா ஹெட் வளையும். ஹெட் வந்ததும் பேரலை ஒரு கையால கீழ அழுத்தி பிடிச்சுகினு கிக்கரை கையால மெல்ல அமுக்கி பிஸ்டனை மேல கொண்டு வாங்க, பிடிக்கலன்னா பேரல் தூக்கி, கசியாம அடைக்கற அடி பேக்கிங் போயிடும். பிஸ்டனுக்கும் போருக்கும் (பேரலோட உள்சுவர்) நடுவுல இருக்கற சந்துல சுத்தி கிரீஸ் தடவிடுங்க, சுரண்டற தூள் அதுலயே ஒட்டிக்கும், உள்ள இறங்காது. சுரண்டறதுக்கு மூங்கில் பத்தையை சீவி உளி மாதிரி பண்ணிக்குங்க, இல்லன்னா பழைய பிளாஸ்டிக் ஸ்கேல். ஸ்க்ரூ டிரைவர் வேணவே வேணாம்! முன்னாடி ஒரு கடையில விட்டப்போ ஸ்க்ரூ டிரைவராலயே வழிச்சிருக்காங்க, பிஸ்டன் தலையெல்லாம் கோடு கோடா இருந்துச்சு, அந்த கோட்டுலதான் கரி கெட்டியா பிடிச்சிருந்துச்சு. கொஞ்சம் டீசல் தொட்டு ஊறவிட்டு சுரண்டினா தோசைக்கல்லு தீசல் மாதிரி ஏடு ஏடா வரும். முடிஞ்சதும் பிஸ்டனை கீழ இறக்கினா கிரீஸ் வளையம் போர்ல ஒட்டிகினு நிக்கும், துணியால ஒரே வழியா வழிச்சு எடுத்துடுங்க.

அடுத்து எக்ஸாஸ்ட் போர்ட். பிஸ்டனை திரும்ப மேல ஏத்தினா அதோட உடம்பே போர்ட்டை உள்பக்கம் அடைச்சுக்கும், வெளில இருந்து சுரண்டுங்க, தூள் உள்ள போகாது. ஆனா பிஸ்டன் மேலயும் போர்ட் விளிம்புலயும் கீறல் விழக்கூடாது, விளிம்பு பிசிறடிச்சா பிஸ்டன்ல இருக்கற ரிங்கு அதுல மாட்டும். சைக்கிள் பம்ப்பால ஊதி விடுங்க.

ஹெட்டுக்கு பழைய பேக்கிங்கையே திரும்ப போடாதீங்க, புதுசு போடுங்க. நட்டை இறுக்கும்போதும் எதிரெதிராத்தான், பலத்தை காட்டினா மரை போயிடும். 2டி ஆயிலை இன்ஜினுக்கு அனுப்பற ஆயில் பம்ப்போட கேபிளையும் ஒரு தரம் பாருங்க, பம்ப்புல இருக்கற குறி தள்ளி போய் ஆயில் அதிகமா ஊத்தினா நீங்க எடுத்த கரி சீக்கிரமே திரும்ப வந்துடும். சுரண்டின டீசல் கசடை வாய்க்கால்ல ஊத்தாதீங்க, பாலாறு பட்டது போதும், டப்பாவுல பிடிச்சு வேஸ்ட் ஆயில் சேர்க்கற மெக்கானிக் கடையில கொடுத்துடுங்க.

ஸ்டார்ட் பண்ணதும் முதல்ல புகை நிறைய வரும், பயப்படாதீங்க, மிச்ச டீசலும் கிரீஸும் எரியுது. சூடேத்தி, முழுசா ஆறவிட்டு, ஹெட் நட்டை திரும்ப ஒரு தரம் இறுக்குங்க. நான் அதை மறந்துட்டு ரெண்டு நாள் ஓட்டினேன், ஹெட் ஓரத்துல ஆயில் கசிஞ்சு ஆபீஸ் பேண்ட்டுல முட்டி வரைக்கும் புள்ளி புள்ளியா தெறிச்சிருந்துச்சு, அந்த கறை எந்த சோப்புக்கும் போகல.