தடுப்பூசிக்குப் பிறகு உடம்பு சொல்வதை எழுதி வைப்பது எப்படி: சேலம், ஏற்காடு வீடுகளுக்கு ஒரு கையேடு

கொரோனா தடுப்பூசியின் இரண்டாம் தவணைக்கு வந்தவரிடம் "முதல் ஊசிக்கு என்ன பண்ணுச்சும்மா?" என்று செவிலியர் கேட்டபோது, அம்மாப்பேட்டை முகாமானாலும் ஏற்காட்டு நாகலூர்ப் பக்கத்து முகாமானாலும் வந்த விடை பெரும்பாலும் ஒன்றுதான்: "காய்ச்சலுங்க, கை வலிங்க, என்னமோ பண்ணுச்சுங்க." அந்த "என்னமோ"வுக்குள் செவிலியருக்கு வேண்டிய விவரம் எல்லாம் ஒளிந்திருந்தது. ஊசி போட்டு எத்தனை மணி நேரத்தில் காய்ச்சல் தொடங்கியது, எந்த அளவுக்கு ஏறியது, எந்த மாத்திரைக்கு அடங்கியது, தோலில் தடிப்பு எழும்பியதா, மூச்சு இழுத்ததா என்பவை தெரிந்தால்தான் அடுத்த தவணையை அங்கேயே போடலாமா, பெரிய மருத்துவமனையில் வைத்துப் போட வேண்டுமா என்று முடிவெடுக்க முடியும். இந்த விவரங்களை வீட்டிலேயே ஒரு நோட்டில் எழுதி வைக்கும் முறையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். கொரோனாவுக்கு மட்டுமல்லாமல், ஃப்ளூ ஊசிக்கும் நாய்க்கடி ஊசிக்கும், இனி வரக்கூடிய எந்தப் பெருந்தொற்றின் தடுப்பூசிக்கும் இது பொருந்தும்.

நினைவை நம்பலாமே என்று கேட்பவர்கள், கோவிஷீல்டின் தவணை இடைவெளி 2021-இல் எத்தனை முறை மாறியது என்று எண்ணிப் பார்க்கலாம். ஜனவரி 16 அன்று திட்டம் தொடங்கியபோது 4 வாரத்துக்குப் பின் இரண்டாம் தவணை என்றார்கள். மார்ச்சில் அது 6 முதல் 8 வாரமானது. மே 13 அன்று 12 முதல் 16 வாரமானது. கோவாக்சினுக்கோ 4 முதல் 6 வாரம் என்பதே நீடித்தது. இதனால் ஒரே வீட்டில் மாமனாருக்கு ஒரு கணக்கு, மருமகளுக்கு வேறொரு கணக்கு என்று ஆயிற்று. யாருக்கு எந்த ஊசி, எந்தத் தேதி என்பதே குழம்பிப் போன வீட்டில், எந்த ஊசிக்கு எந்தக் காய்ச்சல் என்பது மட்டும் எப்படி நினைவில் நிற்கும்?

புறப்படும் முன்பே எழுத வேண்டியது

பள்ளிப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஆளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினால் சரி. பலரும் ஊசி போட்டுக்கொண்ட பிறகுதான் எழுதத் தொடங்குகிறார்கள், ஆனால் உண்மையில் முக்கியமான பகுதி ஊசிக்கு முன்பே எழுதப்படுவது. அன்று காலை உடம்பு எப்படி இருந்தது, முந்தைய இரவு தூக்கம் எப்படி, ஏற்கெனவே தலைவலியோ மூட்டுவலியோ இருந்ததா, மாதவிலக்குக் கணக்கில் அன்று எத்தனையாவது நாள் என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். நாள்தோறும் சாப்பிடும் மாத்திரைகளை, அட்டையில் உள்ளபடி பெயர் பார்த்து எழுதுங்கள். குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் அதை ஊசி போடும் செவிலியரிடம் வாயாலும் சொல்லிவிட வேண்டும். கபசுரக் குடிநீரோ நிலவேம்புக் குடிநீரோ குடித்திருந்தால் அதையும் எழுதுங்கள். முன்பு எந்த மருந்துக்காவது, எந்த ஊசிக்காவது முகம் வீங்கி மூச்சுத் திணறியிருந்தால், அதைப் பக்கத்தின் தலையில் பெரிய எழுத்தில் எழுதி, சிவப்பு மையால் கோடிட்டு வைக்க வேண்டும்.

அப்படிப்பட்டவர் மலையில் இருப்பவரானால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் அந்தப் பாதையில் 108 வண்டியைக்கூட விரட்ட முடியாது. ஆகையால் கடும் ஒவ்வாமை கண்டவர்கள், முதலில் மருத்துவரைக் கேட்டு, அவர் போடலாம் என்றால் கீழே இறங்கி வந்து பெரிய மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்வது நல்லது. மற்றவர்கள் மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

எந்தக் கையில் போட்டுக்கொள்வது என்பதும் புறப்படும் முன்பே முடிவெடுக்க வேண்டிய ஒன்று. வழக்கமாக இடது கை என்பார்கள். ஆனால் தறிக்காரருக்கு நாடா இழுக்கும் கை எது, வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பவருக்கு நடுங்காமல் இருக்க வேண்டிய கை எது, காப்பிப் பழம் பறிப்பவருக்குக் கிளையை வளைத்துப் பிடிக்கும் கை எது என்பது அவரவருக்குத்தான் தெரியும். சொன்னால் செவிலியர் அந்தக் கையை விட்டுவிட்டு மற்றதில் போடுவார். காப்பி பறிப்பு நடக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில், மறுநாள் விடுமுறையாக இருக்கும்படி நாளைத் தேர்ந்தால் ஒரு நாள் கூலி தப்பும்.

முகாமில் இருக்கும் அந்த அரை மணி நேரம்

போட்ட ஊசியின் பெயர், தவணை எண், மருந்துத் தொகுதியின் எண் (பேட்ச் நம்பர்), தேதி, மணி, எந்தக் கை என்ற ஆறையும் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே எழுதிவிடுங்கள். 30 நிமிடம் உட்காரச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பெரும்பாலும் அந்த அரை மணிக்குள்ளேயே தலைகாட்டிவிடும், அதற்கான அட்ரினலின் ஊசியும் அங்கேதான் இருக்கிறது. பேருந்து போய்விடும் என்று பத்து நிமிடத்தில் எழுந்து ஓடுவது, வைத்தியத்தை முகாமிலேயே விட்டுவிட்டு ஓடுவதாகும்.

இந்த நேரத்தில் நடக்கக்கூடிய இரண்டைப் பிரித்தறிய வேண்டும். ஊசியைக் கண்ட பயத்திலோ வெறும் வயிற்றோடு வரிசையில் நின்ற களைப்பிலோ மயங்கி விழுபவருக்கு முகம் வெளுக்கும், வியர்க்கும், நாடி மெதுவாகும். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார். ஒவ்வாமையாக இருந்தால் உடம்பில் அரிப்போடு தடிப்பு எழும்பும், உதடோ நாக்கோ வீங்கும், மூச்சில் விசில் சத்தம் வரும், நாடி வேகமெடுக்கும். அப்போது ஒரு நொடியும் காத்திராமல் செவிலியரைக் கூப்பிட வேண்டும். "ஊசி போட்டதும் மயக்கம்" என்று மட்டும் எழுதி வைத்தால் இரண்டில் எது என்று பின்னால் யாருக்கும் விளங்காது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள்.

அன்று இரவும் அடுத்த மூன்று நாளும்

கை வலி, காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, உடம்பு வலி, அசதி ஆகியவை பெரும்பாலும் முதல் ஒரு நாளுக்குள் தொடங்கி இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். சிலருக்கு ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டும். அதுவும் தானே வற்றும். உடம்பின் எதிர்ப்பாற்றல் வேலை செய்யத் தொடங்கும்போது சுரக்கும் வேதிப்பொருள்களே இந்தக் காய்ச்சலையும் வலியையும் உண்டாக்குகின்றன. அதற்காக, காய்ச்சல் வராதவருக்கு ஊசி வேலை செய்யவில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. தெருவில் இந்தக் கருத்து எப்படியோ வேரூன்றிவிட்டது. அதை நம்பிக் கவலைப்பட்டவர்கள் காய்ச்சல் வந்தவர்களைவிட அதிகம் அவதிப்பட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எழுதும்போது மணியை இடப்பக்கமும் நடந்ததை வலப்பக்கமும் எழுதுவது எளிது. எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பக்கம் இப்படி இருக்கிறது: "மாலை 6, தோள் கனம். இரவு 11, குளிர், இரண்டு கம்பளி. 11.20, அக்குளில் 101.2. பாராசிட்டமால் 650 ஒன்று. 1 மணி, வியர்வை, 99.4. காலை 7, இட்லி இரண்டு, கை தூக்கினால் வலி." இதற்கு மேல் மொழியழகு தேவையில்லை. இந்த ஐந்து வரியைப் பார்த்தாலே மருத்துவருக்கு அந்த இரவு முழுவதும் விளங்கிவிடும்.

குளிர் என்பதைக் கருவி வைத்தே முடிவு செய்யுங்கள். மார்கழி இரவில் ஏற்காட்டில் ஊசி போடாதவருக்கும் பல் கிட்டும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் மருந்துக் கடையில் கிடைக்கிறது. அக்குளில் வைத்து, அது சத்தமிடும் வரை பொறுத்து, 100.4-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று எழுதுங்கள். வாயில் வைத்தீர்களா, அக்குளில் வைத்தீர்களா என்பதையும் குறிக்க வேண்டும், ஏனெனில் அக்குளில் சற்றுக் குறைவாகவே காட்டும். அதேபோல், சேலத்தில் ஊசி போட்டுக்கொண்டு மலைப் பேருந்து ஏறியவர் பதினெட்டாம் வளைவில் வாந்தி எடுத்தால், அதை ஊசியின் கணக்கில் எழுதும் முன், ஊசி இல்லாத நாள்களிலும் அந்த வளைவு அவரைச் சும்மா விட்டதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று எண் கொடுக்கச் சொன்னால் நம்மில் பலர் திகைத்துப் போவோம். வேலையை வைத்து அளப்பது இயல்பாக வரும்: வலி இருந்தது, ஆனால் வேலை ஓடியது; வேலை தடைப்பட்டது; வேலையே செய்ய முடியவில்லை. தடுப்பூசி ஆய்வுகளிலும் பக்கவிளைவுகளை ஏறக்குறைய இதே மூன்று படிகளில்தான் பிரிக்கிறார்கள். "குடம் தூக்க முடிந்தது, கொடியில் துணி போட முடியவில்லை" என்று எழுதினால் அதைவிடத் தெளிவான அளவு கிடையாது.

மாத்திரை விஷயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். காய்ச்சல் வரும் முன்பே, ஊசிக்குப் போகும் வழியிலேயே மாத்திரை போட்டுக்கொள்ளத் தேவையில்லை. காய்ச்சலோ வலியோ வந்த பின் பெரியவர்கள் பாராசிட்டமால் போடலாம்; இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே குறைந்தது 6 மணி நேரம் விடுங்கள். சளி மாத்திரைகள் பலவற்றுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும் என்பதால் அதையும் சேர்த்து எண்ண வேண்டும். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் நாள்தோறும் குடிப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. (முகாம்களில் ஆண்கள் கேட்ட முதல் சந்தேகமே "எத்தனை நாளைக்குக் குடிக்கக் கூடாதுங்க?" என்பதுதான். குடித்தவர்கள் அதையும் நோட்டில் எழுதினால், மறுநாள் தலைவலி யாருடையது என்று தெரியும்.) ஊசி போட்ட இடத்தைத் தேய்த்து உருவி விடாமல், ஈரத்துணி வைத்து, கையை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தால் போதும்.

மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் விடாமல் நீடித்தால், அல்லது இருமல், மூக்கொழுகல், வாசனை தெரியாமல் போதல் ஆகியவை சேர்ந்தால், அதை ஊசியின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. ஊசி அந்த மூன்றையும் உண்டாக்குவதில்லை. முகாமுக்கு முன்போ முகாமிலோ தொற்றியிருக்கலாம். மழைக்காலமானால் சேலத்தில் டெங்குவும் உண்டு. ஆகையால் ரத்தப் பரிசோதனை செய்யும் வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

பிறகு வரும் வாரங்கள்

கோவிஷீல்டு போன்ற ஊசிகளுக்குப் பின் மிக அரிதாக, தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறையும் கோளாறு, சுமார் 4 நாள் முதல் 6 வாரத்துக்குள் வரக்கூடும். 2021 மே 17 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் அது 10 லட்சம் தவணைக்கு 0.61 என்ற அளவில் இருந்தது. அரிதானது என்பதற்காக அடையாளங்களைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது: மாத்திரைக்கு அடங்காத கடும் தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விடாத வயிற்று வலி, ஒரு கால் மட்டும் வீங்குதல், ஊசி போட்ட இடத்துக்கு அப்பால் சிவப்புப் புள்ளிகள். இவற்றில் எது வந்தாலும் நோட்டை எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், ஊசி போட்ட தேதியை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மாதவிலக்கு சற்றுத் தள்ளிப் போனதாகப் பலர் சொன்னார்கள். ஆய்வுகளில் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவான தாமதமே தெரிந்தது, அதுவும் பின்னர் சரியானது.

பின்னால் நடந்தது எல்லாம் ஊசியால் நடந்தது அல்ல என்பதை நோட்டு வைத்திருப்பவர்தான் மற்றவர்களைவிட நன்றாக உணர முடியும். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டு நாளில் மாரடைப்பால் இறந்தபோது, தமிழ்நாடு முழுவதும் முகாமுக்கு வரக் கால் தயங்கியது. ஆராய்ந்த தேசியக் குழு, அவரது மரணத்துக்கு ஊசி காரணமல்ல, இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்தவை என்றே முடிவு சொன்னது. 2022 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வு 12 தடுப்பூசிச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. அவற்றில் மருந்தே இல்லாத வெற்று ஊசி போடப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள், முதல் ஊசிக்குப் பின் தலைவலி, அசதி போன்றவை வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தலைவலி உண்மை, காரணம்தான் வேறு. ஆகவே நோட்டில் "ஊசியால்" என்று எழுதாமல், "ஊசிக்கு இத்தனை மணி நேரத்துக்குப் பின்" என்று எழுதுங்கள்.

அடுத்த தவணைக்கும் அடுத்தவருக்கும்

முதல் தவணைக்குக் காய்ச்சல் அடித்தது இரண்டாவதை விட்டுவிடக் காரணமாகாது. கோவிஷீல்டு போட்டவர்களுக்குப் பொதுவாக இரண்டாவதில் உபாதை குறைவு. அமெரிக்காவில் ஃபைசரோ மாடர்னாவோ போட்டுக்கொண்ட மகன் "ரெண்டாவதுதாம்மா படுத்திடுச்சு" என்று தொலைபேசியில் சொல்வதும் உண்மைதான், ஏனெனில் அந்த வகை ஊசிகளில் இரண்டாவது தவணைக்கே உபாதை கூடுதல். அவர் அனுபவத்தை வைத்து இங்கே பயப்படுவது பொருந்தாது. முதல் தவணைக்கே கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் அதே ஊசியை மறுபடியும் போடக் கூடாது. இடையில் கொரோனா வந்திருந்தால், குணமான பின் மூன்று மாதம் கழித்துப் போட வேண்டும் என்பது 2021 மே மாதம் வந்த அறிவுரை. அந்தத் தேதியையும் எழுதி வைக்க வேண்டும்.

அனுபவத்தைப் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லும்போது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள். வயது, ஊசியின் பெயர், தவணை, எத்தனை மணி நேரம் என்ற நான்கும் சேராத கதை வதந்தியாக மாற நெடுநேரம் ஆகாது. மருத்துவமனையில் சேர வேண்டிய அளவுக்குப் போயிருந்தால், கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ அதைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். 104 எண்ணில் ஆலோசனை பெறலாம். மருந்துகளின் பக்கவிளைவைத் தெரிவிப்பதற்கென்றே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. அழைக்கும்போது கேட்பார்கள் என்பதால், தொகுதி எண் எழுதிய பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கோவின் சான்றிதழின் நகலை அதே நோட்டின் பின்னட்டையில் ஒட்டி, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை இருக்கும் பையிலேயே போட்டு வையுங்கள்.