யாழ்ப்பாண வெயிலில் நீச்சல் தடாகக் கரைக்கு எந்தத் தளம்?

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்தில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஓகஸ்ட் இறுதியில் இன்னொரு முறை வரும். அந்த நேரத்தில் தடாகத்திலிருந்து ஏறுகிற பிள்ளை கரையில் நாலடி வைக்க முடியாமல் துள்ளிக்கொண்டு ஓடினால், அங்கே போட்ட பொருள் பிழை. இந்தப் பிழை பெரும்பாலும் கடையிலேயே நடந்துவிடுகிறது. குளிரூட்டிய மண்டபத்தில் கையால் தடவிப் பார்த்து ரைல்ஸ் எடுத்தால் வெயிலைப் பற்றியும் ஈரத்தைப் பற்றியும் அது ஒன்றும் சொல்லாது.

ஆகவே முதலில் மாதிரிகளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றும் ஓர் அடிக்குக் குறையாத துண்டாக இருக்கட்டும். சின்னத் துண்டு ஓரங்களால் சூட்டை இழந்து பொய்க் கணக்குக் காட்டும். காலை 10 மணிக்கு, நிழல் விழாத இடத்தில், இப்போது இருக்கிற கரையின் மேல் மெல்லிய மணல் பரப்பி அதில் படிய வையுங்கள். அடியில் காற்றோடும்படி தூக்கி வைத்தால் சோதனை பிழைத்துவிடும். பிற்பகல் 1 மணிக்கு ஒவ்வொன்றிலும் வெறுங்காலோடு பத்து விநாடி நில்லுங்கள். நிற்க முடியாததைக் கழித்துவிடுங்கள். மிஞ்சியவற்றில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, எதையாவது பிடித்துக்கொண்டு, குதிக்காலை இழுத்துப் பாருங்கள். கடைசியாக ஒரு பிடி செம்மண்ணை ஈரத்தோடு தேய்த்து, ஓர் இரவு விட்டுக் கழுவுங்கள். சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த மூன்றாவது சோதனை மற்ற இரண்டுக்கும் குறைந்ததல்ல.

சூட்டைத் தீர்மானிப்பதில் முதல் இடம் நிறத்துக்கு. கடும் நிறம் வெயிலை விழுங்கும், வெளிர் நிறம் திருப்பி அனுப்பும். இரண்டாவது, பொருள் எவ்வளவு விரைவாகச் சூட்டைக் காலுக்குக் கடத்துகிறது என்பது. கிறனைற்றும் மரமும் 50 பாகை செல்சியசில் இருந்தாலும் கிறனைற்றில்தான் கால் சுடும். அடர்த்தியான கல் சூட்டைச் சட்டென்று தள்ளிவிடும். நுண்துளை உள்ள கல்லும் மரமும் மெதுவாகத்தான் கொடுக்கும். அதற்காகத் தூய வெள்ளைக்கும் போக வேண்டாம். நடுப்பகலில் கண்ணைக் கூசும், செம்மண் கறையும் இலைக்கறையும் அப்படியே தெரியும். வெளிர் மணல் நிறமோ மங்கிய சாம்பல் கலந்த பழுப்போ போதும். விறாந்தைக்கு அழகான மெருகேற்றிய சிவப்புச் சீமெந்தைக் கரைக்குக் கொண்டுவரும் ஆசை சிலருக்கு உண்டு. அது வெயிலில் சுடும், ஈரத்தில் வழுக்கும்.

பொருளை முடிவு செய்யுமுன் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். பல கரைகளில் மேற்பூச்சு கெடுவதற்குக் காரணம் பூச்சு அல்ல, அதற்குக் கீழே உள்ள கொங்கிறீற். சுத்தியலின் பிடியால் ஒன்றரை அடிக்கு ஒரு தட்டாக முழுவதும் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வருகிற இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். வெடிப்பு இருந்தால் அதன் இரு நுனியிலும் பென்சிலால் கோடும் திகதியும் போட்டு ஒரு மாதம் விடுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் அடியில் மண் இன்னும் இறங்குகிறது என்று பொருள். தடாகச் சுவரைக் கட்டியபின் அதன் வெளிப்பக்கம் நிரப்பிய மண்ணைச் சரியாக இறுக்காவிட்டால் இப்படித்தான் வரும். அந்தக் கொங்கிறீற்றின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த ரைல்ஸ் ஒட்டினாலும் அதே கோட்டில் மீண்டும் வெடிக்கும். அந்தப் பகுதியை உடைத்து, மண்ணை 10 சென்ரிமீற்றர் அடுக்குகளாக இறுக்கி, புதுக் கொங்கிறீற் போட்டு, 28 நாள் விட்டபிறகே அடுத்த வேலை. உடைக்குமுன் தடாக விளக்குக்கும் ஏணிக்கும் போகும் வயரும் நில இணைப்புக் கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று மின் வேலைக்காரரை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈரச் சோதனையும் தேவை. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். உட்பக்கம் துளிர்த்தாலோ கொங்கிறீற் கறுத்தாலோ கீழிருந்து ஈரம் ஏறுகிறது. அந்தக் கரைக்கு ஒட்டுப் பூச்சுகள் வேண்டாம், கொப்பளித்து உரியும்.

கொங்கிறீற் உறுதியாக, ஈரமில்லாமல், நிறம் மட்டும் கெட்டிருந்தால் மலிவான நல்ல வழி அக்ரிலிக் கலந்த சீமெந்துப் பூச்சு. 3 முதல் 6 மில்லிமீற்றர் கனத்தில் தெளித்து, முனைகளைத் தட்டைக் கரண்டியால் லேசாக அமுக்கிவிடுவார்கள். மேடு மேடாக இருப்பதால் காலின் சிறு பகுதிதான் தளத்தில் படும். அதனால் சூடும் குறையும், பிடிப்பும் கிடைக்கும். உயரம் ஏறாததால் வாசற்படியையோ கோப்பிங் எனும் தடாக விளிம்புக் கல்லையோ மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அடித்தளத்தைத் தேய்த்துத் திறக்காமல் பூசினால் ஒரு மாரிக்குள் தகடு தகடாக எழும். பழைய பெயின்ற், சீமெந்துப் பால் படிந்த மேற்தோல் எல்லாவற்றையும் வைரத் தூள் பதித்த கிண்ணச் சில்லு பூட்டிய கிறைண்டரால் எடுக்க வேண்டும். அசிட் ஊற்றி அரிக்கச் செய்வது சுலபம்தான், ஆனால் சரியாகக் கழுவாவிட்டால் குளோரைட் உள்ளே தங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கடற்காற்று உள்ள ஊரில் கம்பிக்கு அந்த வேலையை நாமும் செய்துகொடுக்கத் தேவையில்லை. மேற்பூச்சை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிவரும். அதையும் செலவில் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

போர்சலின் ரைல்ஸ் நீடித்து நிற்கும். நீர் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கு மேல் போகாது, உப்பும் குளோரினும் அதை ஒன்றும் செய்யா. கடைக்காரர் போர்சலின் என்று சொன்னதை நம்பாமல் பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். இரண்டு நிமிடத்தில் காணாமல் போனால் அது சாதாரணக் களிமண் ரைல்ஸ். வழுக்குத் தரத்தில் ஒரு குழப்பம் உண்டு. ஆர்10, ஆர்11 என்பவை சப்பாத்துக் காலுக்கான அளவு. வெறுங்காலுக்கு டிஐஎன் 51097 என்ற ஜேர்மன் தரத்திலிருந்து வந்த ஏ, பி, சி என்ற மூன்று பிரிவு இருக்கிறது. கரைக்கு பி, தண்ணீருக்குள் இறங்கும் படிக்கு சி கேளுங்கள். பளபளப்பான ரைல்ஸ் எந்த விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

போர்சலினில் பிழை நடக்கும் இடம் ஒட்டு. சீமெந்துச் சாந்தைப் பரப்பி, மேலே சீமெந்துத் தூள் தூவி, ரைல்ஸை வைத்துத் தட்டுவது உறிஞ்சும் ரைல்ஸுக்குச் சரிவரும். உறிஞ்சாத போர்சலினில் அது பிடிக்காது. முதல் வெயில் காலத்தில் விரிந்து, நடுவில் கூரைபோல எழும்பும். சி2 தரமும் எஸ்1 நெகிழ்வும் குறித்த ஒட்டுப் பசை வாங்குங்கள். 10 மில்லிமீற்றர்ப் பற்கரண்டியால் ஒரே திசையில் கோடிழுத்து, ரைல்ஸின் முதுகிலும் மெல்லிதாகப் பூசி ஒட்ட வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டும் மேசனை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இடையிடையே ஒட்டிய ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் பின்பக்கம் முழுவதும் பசை படிந்திருக்க வேண்டும். வெற்றிடம் இருந்தால் மாரித் தண்ணீர் அங்கே தங்கும்.

இன்டர்லொக் கல் யாழ்ப்பாணத்தில் எளிதாகக் கிடைக்கிறது, போடத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், கெட்ட கல்லை மட்டும் கழற்றி மாற்றலாம். மண் இன்னும் இறங்கும் கரைக்கு அதுவே நல்லது. ஆனால் கணக்குத் தெரிய வேண்டும்: 60 மில்லிமீற்றர் கல், 30 மில்லிமீற்றர் மணல், ஆக 9 சென்ரிமீற்றர் உயரம் ஏறும். பழைய கொங்கிறீற்றின் மேலேயே மணல் கொட்டி அடுக்கினால் உயரமும் கெடும், மணலுக்குள் இறங்கிய தண்ணீருக்குப் போக வழியும் இருக்காது. பிறகு மணல் கரைந்து கல் ஆடும். பழையதை உடைத்தெடுத்து, 10 சென்ரிமீற்றர் ஏபிசி கல் (தூளும் சல்லியும் கலந்த உடைகல்) போட்டு இறுக்கி, அதன்மேல்தான் மணல். கல் வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். ஓரத்தை ஆணியால் கீறினால் மாவாகக் கொட்டக்கூடாது. கழுவாத கடற்கரை மணலில் செய்த கல்லில் வெள்ளை உப்புப் பூத்துக்கொண்டே இருக்கும்.

இயற்கைக் கல்லில் ட்ரவர்டைன் காலுக்கு இதமானது. வெளிர் நிறமும் துளைகளும் அதற்குக் காரணம். ஆனால் அது சுண்ணாம்புக் கல்தான். நம் நிலத்துக்குக் கீழே கிடப்பதன் உறவு. அசிட் பட்ட இடம் கரையும். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் தடாகம் என்றால் தண்ணீரில் லீற்றருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு இருக்கும். தெறித்துக் காயும்போது அந்த உப்பு துளைக்குள் படிகமாகிக் கல்லை உள்ளிருந்து பொரிய வைக்கும். அப்படிப்பட்ட தடாகத்துக்கு இந்தக் கல் வேண்டாம். மற்றதற்குப் போடுவதானால் படலம் விடாமல் உள்ளே ஊறும் சிலேன் வகைச் சீலர் அடியுங்கள். பளபளப்புத் தரும் சீலர் வழுக்கும்.

மற்றவை சுருக்கமாக. செயற்கைப் புல் நம் வெயிலில் கொங்கிறீற்றைவிடச் சுடும். கடும் நிறப் பிளாஸ்ரிக் மரப் பலகையும் அப்படியே. கறுப்புக் கிறனைற்றை விட்டுவிடுங்கள். பனை வயிரம் கூரைக்கு நல்லது, ஆனால் அதன் நார் ஊசிபோல எழும்பிப் பாதத்தில் ஏறும்.

அளவுக்கு ஓர் உதாரணம். 8க்கு 4 மீற்றர் தடாகம், சுற்றிவர ஒன்றரை மீற்றர் கரை என்றால் பரப்பு 45 சதுர மீற்றர், ஏறக்குறைய 485 சதுர அடி. ரைல்ஸ் என்றால் வெட்டுக்கும் உடைவுக்கும் 10 சதவீதம் சேர்த்து, 60க்கு 60 சென்ரிமீற்றர் அளவில் 138. பசை சதுர மீற்றருக்கு 6 கிலோ வைத்தால் 25 கிலோப் பையில் 11. சாய்வு சரிசெய்ய 4 சென்ரிமீற்றர்ச் சாந்து ஒன்றுக்கு நாலு கலவையில் போடுவதானால் 50 கிலோச் சீமெந்து 14 பை, மணல் முக்கால் கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). இன்டர்லொக் என்றால் உடைவுக்கு 5 சதவீதம் சேர்த்து 20க்கு 10 சென்ரிமீற்றர்க் கல் ஏறக்குறைய 2,360, ஏபிசி 2 கியூப், மணல் அரைக் கியூப். சாந்துக்கும் கொங்கிறீற்றுக்கும் உவர்க் கிணற்றுத் தண்ணீர் பாவிக்க வேண்டாம். தீவுப் பகுதியில் நல்ல தண்ணீர் பவுசரில் எடுப்பதே மலிவு.

கரையின் சாய்வு தடாகத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். 60க்கு ஒன்று போதும், அதாவது ஒன்றரை மீற்றர் அகலத்துக்கு 25 மில்லிமீற்றர். மட்டக்குழாயால் நாலு மூலையும் பாருங்கள். ஓடும் தண்ணீரைக் கிணற்றடிப் பக்கம் விட வேண்டாம். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியாகக் குளோரின் தண்ணீர் வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

கோப்பிங்குக்கும் கரைக்கும் நடுவில் 12 மில்லிமீற்றர் இடைவெளி கட்டாயம். வெயிலில் கரை விரியும்போது தடாகச் சுவரைத் தள்ளாமல் இருக்க அது வேண்டும். சீமெந்தால் அடைக்காமல், நுரைக் கயிறு செருகி, மேலே 6 மில்லிமீற்றருக்குப் பொலியூரதேன் சீலன்ற் பிடியுங்கள். மேலே சொன்ன தடாகத்துக்கு 600 மில்லிலீற்றர்க் குழல் 4 போதும். ரைல்ஸ் கரையில் 3 மீற்றருக்கு ஒரு தடவை குறுக்காகவும் இப்படி ஓர் இணைப்பு விட வேண்டும், அதற்குக் குழல் வேறு.

வேலைக்கு நல்ல காலம் தையின் பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை. சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பூச்சு காற்றில் உலர்ந்து மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். வேறு வழியில்லை என்றால் கிடுகுப் பந்தல் போட்டு, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் மட்டும் பூசுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை தொடவே வேண்டாம். கரை வேலைக்காகத் தடாகத்தை வற்றவிட வேண்டியதில்லை. மாரியில் நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போது வற்றவிட்டால் வெறும் தொட்டியைக் கீழிருந்து தள்ளி எழுப்பிவிடும்.

முடிந்தபின் ஒரே ஒரு பழக்கத்தை விட வேண்டும். நம் கிணற்றுத் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளைப் படலம் வரும். அதைப் பார்த்ததும் குளியலறை அசிட் போத்தலைத் தேடுவார்கள். அது ரைல்ஸ் இணைப்பையும் சீமெந்துப் பூச்சையும் கல்லையும் சேர்த்துத் தின்னும். மாதம் ஒருமுறை நைலோன் பிரஷ்ஷும் சவர்க்காரத் தண்ணீரும் போதும். படலம் தடித்துவிட்ட போர்சலினில் மட்டும், கரையை நனைத்துவிட்டு, விநாகிரியை நாலு பங்கு தண்ணீரில் கலந்து தேய்த்து உடனே கழுவிவிடுங்கள்.